முதலில் ஒரு நாற்காலி கேளுங்கள்

வேலைக்குப் போய்க்கொண்டே ஊருக்காக என்ன செய்யலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கோரிக்கை என்ன, ஒரே வரியில் சொல்லுங்கள். பெரும்பாலும் 'சாதி ஒழியணும்', 'பெண்களுக்குச் சம உரிமை வேணும்' என்று பதில் வரும். இரண்டும் நியாயமானவை. இரண்டுக்காகவும் ஆயுள் முழுக்க உழைக்கலாம். ஆனால் அந்த வரியை அப்படியே மனுவாக எழுதி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தால், அதன்மேல் எந்த அலுவலராலும் எந்த உத்தரவும் போட முடியாது. ஒருவர் கையெழுத்துப் போட்டால் தீரக்கூடிய கோரிக்கையோடு தொடங்குங்கள். பெரிய நியாயத்தில் ஒரு துண்டை எடுத்து, அதை ஒரு பொருளாகவோ ஓர் உத்தரவாகவோ மாற்றிக் காட்டத் தெரிந்தவரை நம்பித்தான் தெருவில் ஆட்கள் வருவார்கள்.

இதற்கு நாற்காலியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் பெண்ணைக் கவனித்திருப்பீர்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறக்கும் வரை நிற்கிறார். வாடிக்கையாளர் யாரும் இல்லாத மதிய நேரத்திலும் உட்காரக் கூடாது; அலமாரியில் கொஞ்சம் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் பார்வை அங்கே வந்துவிடும். கால் வீங்குகிறது, காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது, இடுப்பு விட்டுப்போகிறது. கழிப்பறைக்குப் போக நேரம் கிடைக்காது என்பதால் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இதை எல்லோரும் பார்த்தோம். பல காலம் யாருக்கும் இது ஒரு கோரிக்கையாகத் தோன்றவில்லை.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண்ணுக்குத் தோன்றியது. அந்தக் கடைவீதியில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அவரும் கூட வேலை பார்த்தவர்களும் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகச் சேர்ந்து முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்து கேட்டது உட்கார ஓர் இடம். 'உட்காரும் உரிமை' என்று அந்தக் கோரிக்கை கேரளம் முழுக்கப் பேசப்பட்டது. கேரள அரசு 2018இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் விஜி இடம்பெற்றார். மூன்று ஆண்டு கழித்து, 2021 செப்டம்பரில், தமிழ்நாடு சட்டமன்றம் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது எல்லா ஊழியர்களும் உட்காருவதற்கு ஏற்ற இருக்கை வசதி ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்தக் கோரிக்கைக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது பாருங்கள். உழைப்புச் சுரண்டல் இருக்கிறது. பெண்ணின் உடல்மேல் முதலாளிக்கு இருக்கும் அதிகாரம் இருக்கிறது. அமைப்பாக இல்லாத தொழிலாளிக்குப் பேச இடமில்லை என்ற பெரிய அநியாயமும் இருக்கிறது. அவ்வளவையும் ஒரு ஸ்டூலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். கடைக்குள் போய்ப் பார்த்தால் ஸ்டூல் இருக்கும், அல்லது இருக்காது. நடுவில் மழுப்ப இடமில்லை.

சென்னையில் 1918 ஏப்ரலில் மதராஸ் தொழிற்சங்கம் பிறந்தபோதும் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளில் முன்னுக்கு நின்ற ஒன்று, மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. சாப்பிடக்கூட நேரமில்லை என்ற குறையைக் காதுகொடுத்துக் கேட்ட இடத்தில்தான் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் நின்ற அந்தச் சங்கம் காலூன்றியது.

மனு எழுதுவது ஒரு தொழில்

மனு எழுதப் பழகுங்கள். மேடைப் பேச்சைவிட இது முக்கியம். 'எங்கள் பகுதியில் எந்த அடிப்படை வசதியும் இல்லை, ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதிய மனு எந்த மேசையிலும் தங்காமல் கைமாறிக்கொண்டே இருக்கும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஆதிதிராவிடர் குடியிருப்பு இரண்டாம் தெருவில் அங்கன்வாடியிலிருந்து கைப்பம்பு வரை நான்கு மின்கம்பங்கள் உள்ளன. நான்கிலும் தெருவிளக்கு எரிவதில்லை. இதே ஊராட்சியில் மெயின் ரோட்டுப் பக்கம் எல்லாக் கம்பங்களிலும் எரிகிறது. கம்ப எண்களும் புகைப்படங்களும் இணைத்துள்ளோம். நான்கு விளக்குகளையும் பொருத்தும் தேதியை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.'

இரண்டாவது மனுவில் பாகுபாடு என்ற சொல்லே இல்லை. ஆனால் படிக்கிற அலுவலருக்கு, அவர் மறுத்தால் நாளை இதே காகிதம் எங்கே போகும் என்பது புரிந்துவிடும். 'ஆவன செய்க' என்பதை விட்டுவிட்டுத் தேதி கேளுங்கள். எதிர்மனு போடுகிறவருக்கும் பதில் சொல்கிற அளவுக்கு அளந்து, எண்ணி, படம் எடுத்து எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். அந்தச் சீட்டின் எண்ணை ஒரு நோட்டில் ஏற்றுங்கள். மனுத் தேதி, எண், யாரிடம் கொடுத்தோம், என்ன சொன்னார், மறுபடி எப்போது போக வேண்டும் என்று நான்கைந்து கட்டம் போட்ட சாதாரண நீள நோட்டு போதும். எத்தனையோ நல்ல முயற்சிகள் இந்த நோட்டு இல்லாததால் பாதியில் நின்றுபோகின்றன. நடத்தியவருக்கு மாற்றல் வந்தாலும் திருமணமாகி வெளியூர் போனாலும் அடுத்தவர் கையில் எடுத்துத் தொடர அதுதான் இருக்கும்.

பதிலே வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் சரியாகவில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள். விளக்கம் தர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. 'இந்தத் தேதியில் இந்த எண்ணில் கொடுத்த மனுமீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் தருக' என்று கேளுங்கள். ஆவணத்தை அவர்கள் தந்தாக வேண்டும்.

இந்தச் சட்டம் வந்த வழியை, உள்ளூர் வேலையில் இறங்குகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது. சென்னையில் பிறந்து ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து 1975இல் பதவியை உதறிய அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலியோர் ராஜஸ்தானின் தேவ்துங்ரி என்ற சிற்றூரில் குடியிருந்து, 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அரசு நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீ அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில். அப்படியானால் பதிவேட்டைக் காட்டு என்பதே கோரிக்கை ஆனது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. மஸ்டர் ரோல் என்ற அந்தப் பதிவேட்டில் இருந்ததை மைக்கில் வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது, கட்டி முடிக்காத கட்டடத்துக்குப் பணம் எடுத்திருந்தது எல்லாம் அந்த ஊர்க்காரர்கள் முன்னாலேயே வெளியே வந்தன. எழுத்தறியாத ஒரு பெண் தன் பெயருக்கு நேரே எழுதியிருந்த தொகையைக் காதால் கேட்டு, 'இந்தப் பணம் என் கைக்கு வரல' என்று எழுந்து சொல்லக்கூடிய மேடை அது. 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. அங்கிருந்து 2005 வரை நீண்ட பயணம். இதற்கிடையில் 1997இல், தகவல் உரிமைக்கென்று இந்தியாவிலேயே முதலில் மாநிலச் சட்டம் கொண்டுவந்தது தமிழ்நாடு.

ஆகவே ஒரு கூட்டம் நடத்தப்போகிறீர்கள் என்றால், உங்கள் கையில் வாசிக்க ஓர் ஆவணம் இருக்கட்டும். பேச்சாளர் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த இடத்தில், எந்த நேரத்தில்

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதிலேயே பாதி நியாயம் முடிவாகிவிடுகிறது. கோயில் மண்டபத்தில் வைத்தால் யார் வாசலோடு நின்றுவிடுவார்கள் என்று உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாதிச் சங்கத்தின் கல்யாண மண்டபத்தை இலவசமாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தச் சலுகை உங்கள் கூட்டத்துக்கு வரவேண்டியவர்களில் பாதிப் பேரைத் தடுத்துவிடும். ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நூலகம், சத்துணவுக் கூடம், சமுதாயக் கூடம் போன்ற பொது இடங்களைக் கேளுங்கள். அவையும் ஊர்த்தெருவின் நடுவில் இருந்து, ஆதிதிராவிடர் குடியிருப்பு மக்கள் அங்கே வரத் தயங்கினால், முதல் கூட்டத்தைக் குடியிருப்பிலேயே வையுங்கள். ஊர்க்காரர்கள் அங்கே வந்து உட்காரட்டும். வருகிறார்களா, வந்தவர்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்களா, டீ கிளாஸை வாங்குகிறார்களா என்று கவனியுங்கள். உங்கள் ஊரைப் பற்றி எந்த ஆய்வறிக்கையிலும் இல்லாத தகவல் அதில் கிடைக்கும்.

யார் எதில் உட்காருகிறார்கள் என்பதையும் பாருங்கள். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவரான பட்டியல் சாதிப் பெண், ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட புகைப்படம் வெளியே வந்தது. தேர்தலில் வென்று பதவிக்கு வந்தவருக்கே அந்த நிலை. நீங்கள் நடத்தும் கூட்டத்தில் முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் 'முக்கியஸ்தர்கள்' உட்கார்ந்து, யாருக்காகக் கூட்டமோ அவர்கள் பின்னால் ஜமக்காளத்தில் இருந்தால், அந்தப் புகைப்படத்துக்கும் உங்கள் கூட்டத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எல்லோருக்கும் நாற்காலி, அல்லது எல்லோருக்கும் ஜமக்காளம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இதற்காக யாராவது கோபித்துக்கொண்டு எழுந்து போனால் போகட்டும்.

நேரம் அடுத்தது. ஞாயிறு காலை 10 மணி என்பது அலுவலகம் போகிறவரின் ஓய்வு நேரம். ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு ஞாயிறுதான் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நாள். துப்புரவுப் பணியாளர் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்; அவருக்குப் பிற்பகல் சரி. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் காலை வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் கிடைக்கலாம், அதுவும் சொந்த வீட்டுச் சமையலோடு. யாருடைய பிரச்சினையோ அவர்களிடம் கேட்டு நேரம் வையுங்கள், அவர்களுக்குத் தோதான நேரம் உங்களுக்கு அசௌகரியமாக இருந்தாலும். கைக்குழந்தையோடு வருகிற தாய்க்கு நிழலான மூலை, கழிப்பறை, குடிநீர், சக்கர நாற்காலி ஏறுகிற சரிவு ஆகியவற்றை ஏற்பாடு செய்த பிறகு பிளெக்ஸ் அடிக்கப் பணம் மிஞ்சினால் அடியுங்கள்.

கூட்டத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போவது தவிர்க்க முடியாத வேலை. வாட்ஸ்அப் அழைப்பு அதற்கு ஈடாகாது. நோட்டீஸைக் கையில் திணித்துவிட்டு நகராமல், திண்ணையில் உட்கார்ந்து 'உங்களுக்கு இதுல என்ன தோணுதுக்கா?' என்று கேளுங்கள். பேச விடுங்கள். அவர்கள் சொல்கிற பிரச்சினை நீங்கள் எழுதிவைத்திருப்பதாக இருக்காது. நீங்கள் மதுக்கடை என்று போவீர்கள். அந்த அக்கா பேருந்து நிற்காமல் போவதைச் சொல்வார். பத்து வீட்டில் பேருந்து என்று சொன்னால் உங்கள் கோரிக்கை இனிமேல் பேருந்துதான்.

அனுமதி விவகாரம் லேசானது, முன்கூட்டியே செய்தால். சென்னையில் பொது இடத்தில் கூட்டமோ ஊர்வலமோ நடத்த, மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி ஐந்து நாளுக்கு முன்பே மனு கொடுக்க வேண்டும். மற்ற ஊர்களில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அமைதியாகக் கூடும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடலாம். மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது.

விழா எதற்கு

நிகழ்ச்சி என்றதும் எல்லோருக்கும் பறையாட்டமும் வீதி நாடகமும் நினைவுக்கு வருகின்றன. நல்லது. ஆனால் விழா நடத்தி முடித்த களைப்பில் கோரிக்கை மறந்துபோவதை நிறையப் பார்க்கிறோம். கலை நிகழ்ச்சிக்கு ஒரு வேலை கொடுங்கள்.

2015இல் சென்னை பெசன்ட் நகர்ப் பக்கம் உள்ள ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழாவை நான் இதற்காகவே மதிக்கிறேன். பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் ஆகியோரும் குப்பத்து மக்களும் சேர்ந்து நடத்தினார்கள். கர்நாடக இசை சபாவைவிட்டு மீனவக் குப்பத்துக்கு வந்தது என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறு. அந்தக் கடற்கரைத் தெருவுக்கு அதுவரை வராத நகரத்துக்காரர்கள் அங்கே நடந்து வந்து, மணலில் உட்கார்ந்து, பறையும் வில்லுப்பாட்டும் கச்சேரியும் ஒரே மேடையில் ஏறுவதைக் கேட்டார்கள். யார் யாருடைய இடத்துக்குப் போகிறார்கள் என்ற கேள்வியே அந்த விழாவின் பொருளாக இருந்தது. பிற்காலத்தில் சென்னைக் கலைத் தெரு விழா என்று பெயர் மாறியது.

கொடைக்கானலில் நடந்தது இன்னொரு வகை. அங்கே ஹிந்துஸ்தான் லீவரின் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதை ஊர் மக்களும் சூழல் அமைப்புகளும் வெளிக்கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகி, நோய்களையும் இறப்புகளையும் குறித்துவைத்து, ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடந்தார்கள். 2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாடல் இணையத்தில் உலகம் சுற்றியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு கையெழுத்தானது. பாட்டு ஜெயித்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். பாட்டு வந்து கதவைத் தட்டியபோது உள்ளே 14 ஆண்டு ஆவணங்களோடு தொழிலாளர்கள் தயாராக இருந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பணம் பற்றி மூன்றே சொற்கள்: வசூல், ரசீது, வாசிப்பு. சிறு தொகையாக நிறையப் பேரிடம் வாங்குங்கள், பத்து ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள், அடுத்த கூட்டத்தில் வரவு செலவை மைக்கில் வாசியுங்கள். அடுத்தவர் மஸ்டர் ரோலைக் கேட்கிறவர் தன் கணக்கைத் திறந்து வைக்க வேண்டும். ஒரே ஆள் பெரிய தொகை தருகிறேன் என்றால் மேடையில் யார் பேசுவது என்பதையும் அவரே முடிவு செய்ய வருவார்.

உங்கள் வேலைக்கு ஆபத்தில்லாமல்

நீங்கள் அரசு ஊழியர் என்றால் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அரசியல் கட்சி நிகழ்ச்சி, தேர்தல் வேலை, அரசைப் பொதுவில் விமர்சிப்பது எல்லாம் அங்கே வரையறுக்கப்பட்டுள்ளன. உங்களால் மேடையேற முடியாமல் போகலாம். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம், மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கலாம். அந்த வேலைக்கு எல்லா ஊரிலும் ஆள் பற்றாக்குறை.

தனியார் நிறுவனத்தில் இருப்பவர்கள் பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். வேறு வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் ஊதியம் வாங்கும் வேலையைப் பற்றியது. ஆனாலும் வாசகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அலுவலக மெயில், அலுவலக லேப்டாப், அலுவலக பிரிண்டர் எதையும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆர்ப்பாட்டத்துக்குப் போகாதீர்கள். பேட்டி கொடுத்தால் 'நான் இந்தத் தெருவில் குடியிருப்பவர்' என்று மட்டும் சொல்லுங்கள். போக வேண்டிய நாளில் முறையாக விடுப்பு எழுதுங்கள். 'உடம்பு சரியில்லை' என்று போய்விட்டு டிவியில் முகம் தெரிந்தால் உங்களையும் இழக்கிறோம், கோரிக்கையும் கேலிக்குள்ளாகிறது.

நியாயம் கேட்கும் வேலையை உங்கள் அலுவலகத்திலேயே தொடங்க இடமிருக்கிறதா என்றும் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குக் குறைவான ஆட்கள் வேலை செய்யும் கடைகளுக்கும், வீட்டு வேலை செய்பவர்களுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். உங்கள் அலுவலகச் சுவரில் அந்தக் குழு உறுப்பினர் பெயர்கள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா? இல்லையென்றால் நாளைக்கே கேட்கக்கூடிய கோரிக்கை அது.

அந்தச் சட்டம் யார் பட்ட துன்பத்திலிருந்து பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. ராஜஸ்தானின் பதேரி கிராமத்தில் பன்வாரி தேவி, அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் களப்பணியாளர். 1992இல், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் தன் வேலையைச் செய்ததற்காக ஆதிக்கச் சாதி ஆண்களால் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது, அதன் வழியில் 2013இல் சட்டம். இன்று குளிரூட்டிய அலுவலகத்தில் இருக்கும் பெண்ணுக்கும் காப்பாக நிற்கும் சட்டத்தின் வேர், கிராமத்தில் வீடு வீடாக நடந்த ஒரு களப்பணியாளரிடம் இருக்கிறது. அவருக்கு அந்த வழக்கில் நீதி கிடைக்கவில்லை.

அதனால்தான் களத்துக்குப் போகிற பெண்களைத் தனியாக அனுப்பக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இருவராகப் போங்கள். எந்தத் தெரு, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். மிரட்டல் வந்தால் அன்றைக்கே எழுதிவையுங்கள், அன்றைக்கே காவல் நிலையத்தில் கொடுங்கள்.

இதையே தொழிலாக எடுக்க விரும்பினால்

சமூகப்பணி முதுகலைப் படிப்பு ஒரு வழி. 1952இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி, திண்டுக்கல் அருகே 1956இல் தொடங்கிய காந்திகிராம கிராமிய நிறுவனம், மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எல்லாம் நீண்ட காலமாக இதைக் கற்பிக்கின்றன. சட்டப் படிப்பு இன்னொரு வழி. களத்தில் அதற்குத் தேவை அதிகம். பட்டம் இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டம்சார் தன்னார்வலர் ஆகலாம். பயிற்சி கொடுப்பார்கள், பணிக்குப் போகும் நாளுக்கு மதிப்பூதியம் உண்டு. மாதச் சம்பளமாக அதை எண்ணிக்கொள்ளக் கூடாது. தொழிற்சங்கத்திலிருந்து வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். திண்டுக்கல் பகுதி நூற்பாலை, ஆயத்த ஆடைத் தொழிலாளர்களுக்காகப் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், 2022 ஏப்ரலில் ஆடை நிறுவனத்தோடும் சர்வதேச பிராண்டோடும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தையல் தளத்திலேயே தொழிலாளர்களிலிருந்து கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். எந்தப் பட்டப் படிப்பும் தராத அனுபவம் அது.

தன்னார்வ அமைப்பில் நேர்காணலுக்குப் போகும்போது கூச்சப்படாமல் நான்கு கேள்வி கேளுங்கள். இந்தத் திட்டத்துக்கு எத்தனை மாதம் நிதி இருக்கிறது? பி.எஃப். பிடிக்கிறீர்களா? பஸ் செலவு, போன் செலவு யார் தருவது? உங்களிடம் உள்ளகக் குழு இருக்கிறதா? தொழிலாளர் உரிமை பேசும் இடத்தில் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளித்தால் அங்கே சேர வேண்டாம். சம்பளம் குறைவாக இருக்கும், அது உண்மை. சேவை மனப்பான்மை என்ற பெயரில் சம்பளமே இல்லாமல் வேலை வாங்கிக்கொள்வது வேறு; அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

கையில் என்ன திறமை இருக்க வேண்டும்? பட்டியல் எடுக்கத் தெரிய வேண்டும். கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிராக, பெஜவாடா வில்சன் முன்னின்று நடத்தும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றத்தில் நின்றபோது, அரசுகள் 'எங்கள் மாநிலத்தில் அப்படி யாரும் இல்லை' என்றன. அமைப்பு ஊர் ஊராகப் போய் உலர் கழிப்பறைகளையும் அதில் வேலை செய்தவர்களையும் படத்தோடும் வாக்குமூலத்தோடும் பதிவு செய்து முன்வைத்தது. 2014 மார்ச் 27 தீர்ப்பு, 1993 முதல் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் இன்னொரு வழக்கில் அது 30 லட்சமாக உயர்ந்தது. இல்லை என்றவர்கள் முன்னால் பெயர்ப் பட்டியலை வைத்தவர்கள் களப்பணியாளர்கள்தான்.

கோரிக்கை நிறைவேறிய பிறகு

உத்தரவு வந்ததும் இனிப்பு கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். பிறகு மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். கடையில் ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கலாம், அது குடோனில் கிடக்கலாம், அல்லது ஆய்வு நாளில் மட்டும் வெளியே வரலாம். எந்தக் கடை, எந்தத் தளம், எந்த நேரம் என்று குறித்துக்கொண்டு மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையருக்கு, அமலாக்கப் பிரிவுக்கு, எழுதுங்கள். வேலை செய்யும் பெண்ணின் பெயரை எழுதாதீர்கள், வேலை போய்விடும். பார்த்தது நீங்கள், கையெழுத்து உங்களுடையது.

காலண்டரில் இப்போதே ஆறு தேதிகளைச் சுற்றி வட்டம் போடுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்கள். நகரத்தில் இருப்பவர்கள் 2022 முதல் நடைமுறைக்கு வந்த பகுதி சபை எப்போது என்று வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். அடுத்து வரும் தேதிக்கு முன்பே உங்கள் ஒரு வரிக் கோரிக்கையை எழுத்தில் ஊராட்சித் தலைவரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கி, பொருள்பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் தெருவிலிருந்து குறைந்தது இருபது பேரோடு போங்கள். பாதிக்கு மேல் பெண்கள் இருக்கட்டும். தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் நீங்கள் கேட்ட அதே வாசகம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெறும் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். மறுவாரம் தீர்மான நகல் கேட்டுப் போங்கள். தரவில்லையென்றால் 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பம் போடுங்கள்.